துரை வீட்டு ரவைச் சட்டி

எலுமிச்சம்பழத் தோலை நகத்தால் கீறினால் வருகிற காரமான பச்சை மணம் இன்றைக்கும் எங்கேயாவது மூக்கில் ஏறினால், என் வயிறு தானாகவே ஒரு கொண்டை ஊசி வளைவு திரும்பும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நான் எட்டாம் வகுப்பு முழுப் பரீட்சை எழுதி முடித்திருந்த ஒரு சித்திரை மாதத்தில், கல்லாறு தாண்டி ஊட்டி மலை ஏறிய வாடகை வேனுக்குள் நாங்கள் பதினொரு பேரும் ஆளுக்கொரு எலுமிச்சம்பழத்தை மூக்கில் அழுத்திக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். அடுத்தவர் முகத்தைப் பார்த்தால் நமக்கும் குமட்டும் என்பது அத்தையின் கட்டளை. மூன்றாவது வளைவிலேயே கட்டளையை மீறி என் முகத்தைப் பார்த்தவரும், அடுத்த நொடியில் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டியவரும் அத்தையேதான்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. சென்னிமலைக்கு வாழ்க்கைப்பட்டவர், அவர் வீட்டில் நான்கு தறி வைத்து பெட்சீட் நெய்துகொண்டிருந்தார்கள். எங்கள் ஊர் தொண்டாமுத்தூருக்கும் மேற்கே, மலையடிவாரத்தில், தென்னந்தோப்பு முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் இருந்தது. எங்கள் தோட்டத்துக்கு நாங்கள் எவ்வளவு சொந்தக்காரர்களோ, யானைகளும் ஏறக்குறைய அவ்வளவு சொந்தக்காரர்கள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன், அன்றைக்கும் பெருமையாகத்தான் சொல்லித் திரிந்தேன். அப்பாவுக்குக் கைநாட்டு. அம்மாவுக்கு அதற்கும் அவசியம் வந்ததில்லை. ஆகவே எழுதியிருக்கிற எதுவும் எங்கள் வீட்டில் என் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். ரேஷன் கடைப் பலகை, உர மூட்டை, கல்யாணப் பத்திரிகை எல்லாம் என் இலாகா. உக்கடம் பஸ் ஸ்டாண்டில் அப்பா என்னை முன்னால் நிறுத்தி, வருகிற பஸ்ஸின் போர்டையெல்லாம் படிக்கச் சொல்வார். எங்கள் பஸ் வந்து நின்ற பிறகும், கேட்கிற ஆசையில், "அடுத்த போர்டையும் படி கண்ணு" என்று சொல்லி, இரண்டு முறை எங்கள் பஸ்ஸையே தவறவிட்டிருக்கிறோம். "ஒறம்பரை" வந்திருக்கிறபோது, அதாவது உறவுக்காரர்கள் வந்திருக்கிறபோது, பழைய செய்தித்தாளைக் கொடுத்து எதையாவது படிக்கச் சொல்லி, நான் படித்து முடித்ததும் தானே படித்தவர் போலத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வார்.

ஆனால் எங்கள் ஊரில் எட்டு வகுப்புதான். ஒன்பதாவது படிக்க வேண்டுமென்றால் தொண்டாமுத்தூருக்கு நடக்க வேண்டும், அதுவும் யானை வருகிற தடத்தில். "பொம்பளப் புள்ளைக்கு எட்டுப் போதாதா? எங்கூட்டுல தார் சுத்த ஆளில்லாமத் தறி நிக்குது, என்கூட அனுப்பிப்போடு" என்று அத்தை பொங்கலிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். தறிக்கு ஊடைநூலைச் சின்னக் குழலில் சுற்றிக் கொடுப்பதுதான் தார் சுற்றுவது. மோசமான வேலை இல்லை. ஆனால் சுற்றுகிற நூலில் எழுத்து எதுவும் இருக்காது. அப்பா அக்காவை எதிர்த்துப் பேசுகிறவர் இல்லை. எனக்கு எதிராகவும் அவரால் பேச முடியவில்லை. இரண்டு பக்கமும் தப்பிக்க ஒரு வழி கண்டுபிடித்தார். மலைமேல் ஒரு பழைய வெள்ளைக்காரன் பங்களாவில் அந்தக் காலத்துச் சாமானையெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, ஒவ்வொன்றுக்கும் என்னவென்று எழுதி வைத்திருப்பதாக யாரோ சொல்லிக் கேட்டிருந்தார்.

"அத்தனையும் படிச்சுச் சொல்லட்டும் அக்கா. எட்டு வருசத்துப் படிப்புக்கு என்ன பிரயோசனம்னு பாத்துப்போடலாம். கீழ எறங்கையில முடிவு பண்ணிக்கலாமுங்க" என்றார்.

இப்படியாக, மற்ற பத்துப் பேருக்கு அது சுற்றுலா, எனக்கு மட்டும் பரீட்சை. நான் கவலைப்படவில்லை. போர்டு படிப்பதில் என்னை வெல்ல அந்த வட்டாரத்தில் ஆளில்லை என்பது என் எண்ணம்.

முதலில் போனது ஒரு பழைய மாதா கோயில். வாசலில் தமிழிலேயே பெரிய பலகை வைத்திருந்தார்கள். எந்தத் துரை கட்டியது, உத்தரத்து மரத்தை எங்கிருந்து எந்த விலங்கு இழுத்து வந்தது என்பதையெல்லாம் நான் காலை வணக்கக் கூட்டத்தில் உறுதிமொழி வாசிக்கிற குரலில் வாசித்தேன். யானை என்ற சொல் வந்ததும் எங்கள் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. "வெள்ளைக்காரன் தோட்டத்துலயும் பூந்துருக்குதாட்ட இருக்குது" என்றார் அம்மா. அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அத்தை வானத்தைப் பார்த்தார். பாதிப் பரீட்சை முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அடுத்தது அந்த பங்களா. வாசலில், பூவேலை செய்த வெள்ளைப் போர்வையைச் சுற்றிக்கொண்டு, கையில் தடியோடு, மலைவாசிப் பெரியவர் ஒருவர் நின்றிருந்தார். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுப் போய், "ஏனுங்க, உள்ள போறதுக்குச் சீட்டு எங்கீங்க வாங்கோணும்?" என்றார். பெரியவர் பதில் சொல்லவில்லை. மரியாதை போதவில்லையோ என்று அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க பெரீவருங்க, நாங்க தொண்டாமுத்தூர்ப் பக்கமிருந்து வாரோமுங்க, சீட்டுங்க" என்று எல்லாச் சொல்லிலும் ஒரு "ங்க"வைத் தொங்கவிட்டார். அப்போதும் பதிலில்லை. "கேக்கறவனுக்கு இருக்கற மருவாதி நிக்கறவருக்கு இல்லையே" என்று அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. உள்ளேயிருந்து காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, அது சுண்ணாம்பில் செய்த பொம்மை என்றார். அப்பா கொஞ்சமும் வெட்கப்படவில்லை. "பொம்மையாவே இருந்தாலும் வயசுல பெரீவரு" என்று சொல்லி உள்ளே நடந்தார். நாங்களும் வாசலில் மீதிப் பத்துச் சோடி செருப்பையும் விட்டுவிட்டுப் பின்னால் போனோம்.

உள்ளே நுழைந்து முதல் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தேன். சீட்டில் இருந்தது முழுவதும் ஆங்கிலம். இரண்டாவது பெட்டியும் ஆங்கிலம். கூடம் முழுக்கப் பார்வையை ஓட்டினேன். அந்த பங்களாவில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. எனக்குத் தெரிந்த ஆங்கிலம் பசு ஒரு வீட்டு விலங்கு என்பது. அந்த வாக்கியத்துக்கு ஏற்ற பொருள் எதையும் அவர்கள் பெட்டிக்குள் வைத்திருக்கவில்லை.

எனக்குப் பின்னால் பத்துப் பேர் காத்திருந்தார்கள். அப்பா தொண்டையைச் செருமினார். அத்தை என் முகத்தையே பார்த்தார். வேனில் கூடாது என்று சொன்ன அதே பார்வை. என் கண்ணுக்குள் தார்க்குழல் சுற்றியது. முதல் பெட்டியில், துளைபோட்ட மூடியும் மூன்று முழக் கைப்பிடியுமாக ஒரு செம்புச் சட்டி இருந்தது. சீட்டில் விரலை வைத்து, எழுத்தெழுத்தாக நகர்த்திக்கொண்டே, "இது துரை வீட்டில் ரவை வறுக்கிற சட்டி" என்றேன்.

அம்மா குனிந்து பார்த்தார். "மூடில எதுக்குக் கண்ணு ஓட்டை?"

ரவை வியர்க்காமல் இருக்க என்று சீட்டில் போட்டிருப்பதாகச் சொன்னேன்.

"கைப்புடி இத்தன நீளமா? அடுப்பு அடுத்த ஊட்டுல இருந்துச்சாக்கு" என்றார் அம்மா. ஆனால் அப்பா, "துரைங்க அனலுக்குப் பக்கத்துல நிக்க மாட்டாங்க" என்று விளக்கம் சொல்லி முடித்து வைத்தார். பொய்யை நான் நட்டேன், அப்பா தண்ணீர் விட்டார்.

அதன் பிறகு தடையே இல்லை. கொம்பு போல வளைந்த பித்தளைக் குழலை எண்ணெய் ஊற்றுகிற புனல் என்றேன். கம்பு செருகிய நாற்காலியைத் துரைசானியைச் சுமந்த நாற்காலி என்றேன். கரடியைக் கரடி என்றேன். எண்களை மட்டும் எனக்குப் படிக்கத் தெரியுமென்பதால் ஆண்டுகளை ஒன்றுவிடாமல் அழுத்தமாகச் சொன்னேன்; அத்தனை பொய்க்கும் நடுவில் ஆண்டு மட்டும் மெய். மீசை வைத்த ஒரு வெள்ளைக்காரர் படத்துக்கு முன்னால் நின்று, இந்த மலைக்கு ரோடு போட்டவர் இவர்தான் என்றதும் அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். அத்தை கும்பிடவில்லை. "இவருதானா அது? நேரா ஒரு ரோடு போடத் தெரியல" என்று படத்தை முறைத்தார்.

இதற்குள் எங்களுக்குப் பின்னால் திருப்பூர்க்காரக் குடும்பம் ஒன்று சேர்ந்துகொண்டது. பனியன் கம்பெனி வைத்திருக்கிறவர்கள், நல்ல துணிமணி, தோளில் கேமரா. நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர்களும் "அப்படீங்களா" என்று தலையாட்டிக்கொண்டே வந்தார்கள். "என்ற புள்ளைங்க" என்று அப்பா என்னைக் காட்டி, அவர்கள் கேட்காமலே சொன்னார். "எட்டாவது முடிச்சிருக்குதுங்க. ஒம்பதாவது போகுமுங்க." கடைசி வாக்கியத்தை அவர் அத்தையின் காதில் விழுகிற மாதிரிச் சொன்னது எனக்குக் கேட்டது. நான் வென்றுகொண்டிருந்தேன்.

கூடத்தைத் தாண்டினால் பின்பக்கத் தாழ்வாரம். அங்கே பெட்டி கிடையாது. வெளியே எடுத்து வைத்த கல் சாமான்கள்தான். நின்று நின்று கால் வலி எடுத்திருந்த அத்தை, அகலமான அடிக்கல்லோடு சுவரில் சாய்ந்திருந்த ஒரு கல்லைப் பார்த்து, "அப்பாடி" என்று அதன் மேல் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் கம்பி நட்டு ஒரு போர்டு இருந்தது. ஆங்கிலம், இரண்டே வரி, எண்ணும் இல்லை. கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

முதுகில் ஏதோ குத்துகிறதே என்று அத்தை திரும்பிப் பார்த்தார். கல்லில் வில் பிடித்த ஆள் ஒருவரும், பக்கத்தில் ஒரு பெண்ணும், மேலே சூரியனும் சந்திரனும் செதுக்கியிருந்தது. அத்தை எழுந்த வேகத்துக்குப் பெயர் எனக்குத் தெரியாது. சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, "சாமி மேல உக்காந்துபோட்டனே" என்றார். மகனுக்கு மூன்று வருடமாகப் பெண் அமையாமல், வழியில் வருகிற கோயிலிலெல்லாம் அதற்காகவும் வேண்டிக்கொள்ளத்தான் அவர் மலை ஏறியே வந்திருந்தார். வந்த இடத்தில் குத்தம் ஆகிவிட்டது. குத்தத்தைத் தீர்க்க வேண்டுமென்றால் என்ன சாமி என்று தெரிய வேண்டும். எங்கள் பக்கத்தில் அது பெரிய விசயம். கிடாய் வெட்டுகிற சாமிக்குப் பொங்கல் வைத்துவிட்டால் பரவாயில்லை. பொங்கல் சாமிக்குக் கிடாய் வெட்டிவிட்டால் ஏழு தலைமுறைக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அத்தை என் கையைப் பிடித்துப் போர்டு முன்னால் நிறுத்தினார். அதுவரை அவர் என்னிடம் ஒன்றையும் படிக்கச் சொல்லிக் கேட்டதில்லை. "அம்மணி, என்ன சாமின்னு போட்டிருக்குது, பாத்துச் சொல்லாயி. கெடாயா பொங்கலான்னு எழுதியிருக்குதா பாரு."

ஒரு பெயர் சொல்லியிருந்தால் போதும். அண்ணமார் என்றோ, ஐயனார் என்றோ சொல்லியிருந்தால் அத்தையே என்னைத் தலையில் வைத்துக் கொண்டாடி ஒன்பதாவதுக்கு அனுப்பியிருப்பார். விரலை எடுத்துப் போர்டில் வைத்தேன். சட்டியைப் பற்றிப் பொய் சொன்னால் சட்டி வந்து கேட்காது. சாமி அப்படியா? அதைவிட, என் கையைப் பிடித்திருந்த அத்தையின் கை வேர்த்திருந்தது.

"தெரியலீங்க அத்தை" என்றேன். "இங்கிலீசுல எழுதியிருக்குதுங்க. எனக்குப் படிக்கத் தெரியாதுங்க."

அப்பாதான் முதலில் பேசினார்.

"அப்ப அந்த ரவைச் சட்டி?"

"பொய்யிங்க."

"புனலு?"

"அதும் பொய்யிங்க."

"கரடி?"

"கரடி நெசந்தானுங்க."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு திருப்பூர்க்காரரிடம் போய், "ஏனுங்க, இந்த ரெண்டு வரி என்னன்னு நீங்களாச்சும் சொல்லுங்க" என்றார். அவர் கேமராவைத் தடவிக்கொண்டே, தாங்களும் இந்தப் பிள்ளை சொன்னதைக் கேட்டுத்தான் பின்னாலேயே வந்ததாகச் சொன்னார். அப்பா காக்கிச் சட்டைக்காரரைக் கூப்பிட்டார். அவர், தனக்குக் கதவைத் திறக்கிறதும் பூட்டுகிறதும்தான் வேலை, இத்தனை வருடத்தில் அதை யாரும் வாய்விட்டுப் படித்துத் தனக்குக் கேட்டதில்லை என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்.

"பாத்தீங்களா அக்கா" என்றார் அப்பா. "இத்தன பேரு இருக்கறோம். ரெண்டு வரி படிக்க நாதியில்ல."

"அதுக்குத்தான் எட்டு வருசம் அனுப்பிச்ச புள்ள இருக்குதே" என்றார் அத்தை.

"எட்டுத் தண்ணி உட்டிருக்கறோமுங்க. இன்னுங் கதிரு வாங்கல. இப்பப் போயித் தண்ணிய நிறுத்தறதா?"

"கதிரே வாங்காம வெறுந்தட்டா நின்னுச்சுன்னா?"

அப்பா யோசித்தார். "அப்பவும் மாட்டுக்காச்சும் ஆகுமுங்க" என்றார்.

என் மேல்படிப்பு முடிவானது அந்த இடத்தில், அந்த வாக்கியத்தில். மாட்டுத் தீவனம் என்ற நிலையில் நான் ஒன்பதாம் வகுப்புக்குத் தேர்ச்சி பெற்றேன். அத்தை மறுத்துப் பேசவில்லை. அவருக்கு அப்போது தறியைவிடச் சாமிதான் பெரிய கவலை. பெயர் தெரியாத சாமிக்கு எதைப் படைப்பது என்று தாழ்வாரத்திலேயே ஒரு கூட்டம் நடந்தது. சூடம் கொளுத்தக் கூடாது, மர பங்களா என்று காக்கிச் சட்டைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். கடைசியில் எலுமிச்சம்பழம் என்று முடிவானது. மூக்கில் வைத்து முகர்ந்த பழத்தைச் சாமிக்கு வைக்கலாமா என்று அம்மா கேட்டதால், யாரும் முகராத பழமாக, வேன் டிரைவர் தன் கண்ணாடிக்கு முன்னால் வைத்திருந்ததை வாங்கி வந்தார்கள். "பேரு தெரியாட்டிப் போவுது. போர்டு சாமீ, என்ற பேரு உனக்குத் தெரியுமல்லோ" என்று சொல்லி அத்தை பழத்தைக் கல்லின் முன்னால் வைத்தார்.

அப்பா என்னை விடவில்லை. திருப்பூர்க்காரர்களிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டு வர வேண்டும் என்றார். போனேன். அந்த வீட்டு அம்மா, "பொய்யா இருந்தாலும் கேக்க நல்லா இருந்துச்சு கண்ணு" என்று ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்தார். இப்போது பத்திரிகைகளுக்குக் கதை எழுதுகிறேன்; இன்றுவரை அதைவிட நல்ல விமர்சனம் எனக்கு வந்ததில்லை.

இறங்குகையில் அத்தைக்கு ஒரு வளைவில்கூடக் குமட்டவில்லை. போர்டு சாமி கைவிடவில்லை என்றார். அடுத்த ஆவணியிலேயே மகனுக்குக் கல்யாணமும் ஆனது.

தொண்ணூறுகளின் கடைசியில், கோயமுத்தூரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, சிநேகிதிகளோடு அந்த பங்களாவுக்கு மறுபடி போனேன். இம்முறை எல்லாச் சீட்டையும் படித்தேன். ரவைச் சட்டி என்பது, துரைகள் படுப்பதற்கு முன் கனல் போட்டுப் படுக்கையைச் சூடாக்குகிற சட்டி. புனல் என்பது, காது மந்தமானவர்கள் காதில் வைத்துக் கேட்கிற குழல். ரோடு போட்டவர், உருளைக்கிழங்கு பயிரிட்டுப் பார்த்தவர். கரடி மட்டும் கரடியாகவே இருந்தது. பிறகு தாழ்வாரத்துக்கு ஓடினேன். கல்லின் நெற்றியில் யார் யாரோ பூசிய மஞ்சள் காய்ந்திருந்தது. காலடியில் நான்கைந்து எலுமிச்சம்பழம். போர்டைப் படித்தேன். தயவுசெய்து இந்தக் கல்லின் மேல் உட்கார வேண்டாம் என்று எழுதியிருந்தது.

சென்னிமலைக்குப் போய் அத்தையிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. தறியை நிறுத்தினார்.

"இதைய அன்னிக்கே படிச்சிருந்தீன்னா நான் உக்காந்திருப்பனா?" என்றார். பிறகு உள்ளே திரும்பி, தார் சுற்றிக்கொண்டிருந்த தன் பேத்தியைப் பார்த்து, "எந்திரிச்சுப் போயிப் புஸ்தகத்த எடு, போ" என்றார்.

போன மாதம் அப்பாவை அழைத்துக்கொண்டு மலை ஏறினேன். பஸ்ஸில் இப்போது எலுமிச்சம்பழத்தை யாரும் பிடித்திருக்கவில்லை, மாத்திரை வந்துவிட்டது. பங்களா இருந்த இடத்தில் கண்ணாடி வைத்த நான்கு மாடி விடுதி நிற்கிறது. சட்டியும் புனலும் கரடியும் எந்த ஊர்க் கிடங்குக்குப் போயின என்று சொல்ல ஆளில்லை. கல்லைப் பற்றிக் கேட்டேன். எந்தக் கல் என்று கேட்டார்கள். வாசலில், போர்வைப் பெரியவர் நின்ற அதே இடத்தில், தொப்பி வைத்த காவலாளி ஒருவர் செல்போனைப் பார்த்தபடி அசையாமல் நின்றிருந்தார். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, "ஏனுங்க" என்று மூன்று முறை கூப்பிட்டார். அவர் நிமிரவில்லை. அப்பா என் பக்கம் திரும்பி, "இதும் பொம்மையா கண்ணு?" என்று மெதுவாகக் கேட்டார்.

கதவில் ஒரு போர்டு தொங்கியது. ஆங்கிலம்தான். அப்பா துண்டைச் சரிசெய்துகொண்டு, என்ன போட்டிருக்கிறது என்றார். தங்கியிருக்கிறவர்களுக்கு மட்டும்தான் அனுமதி, மற்றவர்கள் உள்ளே வரக்கூடாது என்று போட்டிருப்பதாகச் சொன்னேன்.

அப்பா போர்டைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"நெசமா," என்றார், "இல்ல, ரவைச் சட்டியா?"